கைக்கெட்டும் உயரம்

கழுத்துப்பட்டியைக்கூடத் தளர்த்தாமல், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, வேலையால் வந்த கணேசலிங்கம் நேரே செடியிடம் போகிறார். இலைகளை விரலால் விலக்கி, மண்ணிற மயிர் போர்த்த மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். "இன்னும் ரெண்டு வெயில் காணும்" என்கிறார். எனக்கல்ல, மொட்டுக்கு. பிறகுதான் வீட்டுக் கதவு திறக்கும்.

நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய மல்கிரேவில், எங்கள் தெருவில் இரண்டே தமிழ் வீடுகள். ஒன்று அவருடையது, மற்றது எங்களுடையது. அவர் தொழிலில் நில அளவையாளர். ஒரு சாண் மண் கூடக்குறைய இருந்தாலும் தூக்கம் வராது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் தனியாக வந்தவர், இந்த எழுபத்தெட்டிலும் தனியாகத்தான் சமைக்கிறார். மனைவி சந்திரவதனா, பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனைப் பராமரிக்க ஊரில், கோப்பாயில், நின்றுவிட்டார். தகப்பனுக்கு அவர் ஒரே பிள்ளை, விட்டுவிட்டு வா என்று சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை. ஊருக்குப் போய்வரச் சேர்த்த காசு வீட்டுக்கு முன்பணமாகப் போனது. "அவ வந்து இறங்க ஒரு வீடு வேணுமெல்லோ. வாற வசந்தத்துக்கு வந்திடுவா." ஒவ்வொரு குளிர்காலமும் இதையே சொல்வார். நாங்களும் "ஓம், ஓம்" என்போம்.

அந்த வசந்தத்துக்காக வாங்கியதுதான் செடி. பெயர் போட் வைன் மக்னோலியா. பீரைக்கூடத் தொடாத மனிதர் மதுவின் பெயர் வைத்த செடியை வளர்க்கிறாரே என்று சீண்டினால், "விசர்க்கதை கதையாதையும் ஐசே, இது செண்பகத்தின்ர சாதி" என்று சீறுவார். சாதி ஒன்றுதான், ஆனால் இது மரமாக நிமிராத குட்டைச் செடி. பளபளக்கும் இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு விரல்நுனியளவு பூக்கள், வெண்ணெய் நிறம், ஓரத்தில் நாவற்பழச் சாயம். இந்த நாட்டில் வசந்தம் பிறக்கும் செப்டம்பரில், வெயில் காய்ந்த பின்னேரங்களில் தெருவே கதலிப்பழமாக மணக்கும்.

தலையில் வைக்க ஒன்று பிடுங்கலாமென்று என் மனைவி பத்மா ஒருமுறை கை நீட்டினாள். அவர் இருமினார். "தங்கச்சி, குறை நினைக்கவேண்டாம். முதல் பூவை அவ பிடுங்கட்டும்." அப்படியே வசந்தம் வசந்தமாகப் பூத்து மண்ணில் உதிர்ந்தது. எனக்கு எரிச்சலாக வரும். அவ்வளவு வாசமும் வீணாய்ப் போகிறதே!

பூ ஓய்ந்ததும் கத்தரிக்கோலை எடுப்பார். வளரவிடு, ஆளுயரம் வரும் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் கெஞ்சுவார். இவர் கேட்பதில்லை. "அவ கட்டை. உயர்ந்திட்டா கை எட்டாது" என்று நெஞ்சுக்கு நேரே நறுக்கிவிடுவார்.

இந்த ஆடியில் அவர் மாமனார் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு சந்திரவதனா பயணத்துக்கு ஆயத்தமானார். துக்கத்தில் சிரிக்கக்கூடாதென்று கணேசலிங்கம் முகத்தை இறுக்கித்தான் வைத்திருந்தார். ஆனால் குசினியில் சட்டி மினுக்கிக்கொண்டே சீட்டியடித்ததை நான் கேட்டேன். செடியிலும் இந்த முறை கிளைக்குக் கிளை மொட்டு.

"வந்திறங்கேக்க குளிரப்போகுது, ஒரு கோட் வாங்குவம், வாரும்" என்று சனிக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு டண்டினோங் கடைக்குப் போனார். துணியைத் தடவிப் பார்த்தார். நீலமா கபிலமா என்று என்னோடு சண்டை பிடித்து நீலத்தில் நின்றார். விற்பனைப் பெண் சிரித்த முகத்தோடு, மனைவி என்ன உயரம் என்று கேட்டாள்.

கணேசலிங்கம் சட்டென்று தன் நெஞ்சுக்கு நேரே கையைப் பிடித்தார். "இவ்வளவு." பிறகு யோசித்தார். கை தோள்வரை ஏறியது. கண்ணை மூடினார். கை இறங்கி, மறுபடி நாடிவரை போனது. அந்தப் பெண் பொறுமையாகக் காத்து நின்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சிறி, நீர் எங்கட கலியாணத்துக்கு வந்தனீர்தானே. அவ எனக்கு எதுமட்டும் நிண்டவ, தோள்மட்டுமோ, நாடிமட்டுமோ?"

எனக்கு ஞாபகமில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்தபடி அவர் கை வெறுங்காற்றில், ஒரு தலையைத் தேடி, மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.