முழங்காலுக்குப் பின்னால்

மொன்றியலில் எங்கள் கோவில் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்தில் கொடிய அரசனாக நடிக்கவிருந்த மாமா, வாள் பட்டால் விழவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் அம்மாவின் தம்பி. சென்ட் லோரன்டில் தகரக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கழித்த தகடுகளைக் கேட்டு வாங்கி வந்து, தலை முதல் கால் வரை அசல் கவசமே செய்துவிட்டார். அவரைக் கொல்லவேண்டிய வீரன் நான். அந்த வேஷம் கட்டவிருந்த பையனுக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்ததால் பத்து வயதுப் பெட்டை எனக்குக் கிடைத்த யோகம் அது.

"வாள் இந்தத் தகட்டில வழுக்கும். உண்மையா விழுத்தினால்தான் விழுவன்," என்றார் மாமா.

அவர் விழாவிட்டால் அவ்வளவு சனத்துக்கு முன்னால் என் மானம் போகும். விடுவேனா? பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கவசச் சண்டை பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து கரைத்துக் குடித்தேன். கவசத்தை வெட்ட முடியாது. சம்மட்டியால் நெளிக்கலாம், அல்லது அக்குள், முழங்காலின் பின்பக்கம் என்று மூடாத இடமாகப் பார்த்துக் கொக்கி மாட்டி இழுக்கலாம். சம்மட்டி என்றதும் அம்மா முறைத்தா. தடி நுனியில் கொக்கி வைத்த ஆயுதத்தின் படத்தைக் காட்டினேன். இது முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியெல்லோ என்று சிரித்தா. பனி அள்ளும் சவளின் பிடியைக் கழற்றி, உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்துக் கட்டினேன். கதிரைக் கால்களை இழுத்து இழுத்துப் பழகினேன். ஒரு கதிரை முறிந்துபோனது.

மேடையில் மாமா என் வாளை நெஞ்சில் வாங்கிக்கொண்டு கெக்கட்டம் விட்டார். திரைக்குப் பின்னாலிருந்து கொக்கத்தடியை எடுத்து, வலது முழங்காலுக்குப் பின்னால் மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தேன். சட்டிபானையெல்லாம் உருண்ட சத்தத்தோடு அரசன் விழுந்தான். சனம் விசிலடித்தது. எனக்கென்றால் சந்தோசத்தில் சொல்லமுடியாத புளுகம்.

அம்மா மேடைக்கு ஓடிவந்தா. "அந்தக் காலிலயோடி இழுத்தனீ?"

"விடுங்கோ அக்கா. ஒருத்தரும் பிடிக்கவேண்டாம்," என்றார் மாமா, தலைக்கவசத்துக்குள்ளிருந்து.

கையை ஊன்றினார், சறுக்கியது. திரும்பவும் ஊன்றினார். அத்தனை தகரத்தையும் சுமந்துகொண்டு மெல்ல மெல்ல எழும்பி நின்றுவிட்டார். செத்த அரசன் எழும்பினால் என் வெற்றி என்னாவது? ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊரில் சண்டைக்காலத்தில் ஷெல் பட்ட அந்தக் காலோடு, ஒருவர் தோளையும் பிடிக்காமல் மாமா நிலத்திலிருந்து எழும்பியது அதுதான் முதல் தரம் என்று எனக்கு அப்போது ஆர் சொன்னது? அம்மா கண்ணீர் வடியவடியக் கைதட்டிக்கொண்டு நின்றா. பெற்ற மகளை விட்டுவிட்டு எதிரிக்குக் கைதட்டுகிறாவே என்று கனநாள் நான் அவவோடு கதைக்கவில்லை.