பன்னிரண்டு விநாடி மிச்சம்

பேய்க் கதை கேட்கும் ஆசையில் வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு அதிலெல்லாம் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல் விடாமல் அடித்தால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், நான் ஒன்பதாவது படிக்கும்போதே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள். அப்பாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டியவர்கள், இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது, அதுவும் கம்ப்யூட்டர் படித்தது நான்தான். அதனால் பார்த்ததைக் கணக்கோடுதான் சொல்வேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் எனக்கு எடிட்டிங் வேலை. முதலாளி கோட்டைமேட்டுக்காரர், எல்லோருக்கும் பாய். அதுவரை கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றி மாற்றி எடிட் செய்துகொண்டிருந்தவர் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார், அதில் வேலை தெரிந்த ஒரே ஆள் நான். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். வீடியோவில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படங்கள். வேகத்தை நூறு சதவீதத்திலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்தால் கம்ப்யூட்டர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை, ஒவ்வொரு படத்தையும் நான்கு தடவை காட்டும், அவ்வளவுதான். நாலு விநாடி பதினாறு விநாடியாக நீளும். அந்தக் காலத்து ஸ்லோ மோஷன் விட்டு விட்டு நகர்ந்ததற்குக் காரணம் இதுதான். கேமரா எடுக்காத ஒன்று அதில் வரவே முடியாது.

அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் குமாரசாமி. அவருடைய கல்யாணக் கேசட் எடிட்டிங்குக்காக எங்களிடம் இருந்தது. கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள் அவருடைய அக்கா ஈஸ்வரி, சத்தியமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர், மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு குமாரசாமி ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"அக்கா வர்ற எடத்தையெல்லாம் எடுத்துப்போடுங்க அம்மணி. அம்மா பாத்தா தாங்காதுங்க."

"இணைச்சீரை எப்படீங்க எடுக்கறது? அது இல்லாம கல்யாணமே இல்லீங்களே."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணையாக அவன் உடன்பிறந்தவள் வந்து நிற்கிற சீர் அது. பேழைமூடி என்கிற மூங்கில் கூடையோடு வருவாள்.

"எப்படியாச்சும் பாத்துச் செஞ்சுபோடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இணைச்சீரில் கேமரா மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஈஸ்வரி தெரிவது மொத்தமே நாலு விநாடிதான். வெட்டுவது சுலபம் என்று நினைத்தேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஏனுங்க கண்ணு, குமாரசாமி கல்யாணக் கேசட்டு இங்கதானுங்களா? நான் அவனோட அம்மா. நான் வந்தது அவனுக்குத் தெரியாதுங்க."

சேரை எடுத்து எனக்கு இடது பக்கம் போட்டு உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஈஸ்வரி பஸ்ஸ உட்டுப்போட்டு நேரங்கழிச்சு வந்தா. நேரத்துக்கு வாரதுக்குத் துப்பில்லாதவளுக்கு இணைச்சீர் எதுக்குன்னு சொந்தக்காரங்க முன்னாடியே கேட்டுப்போட்டேன் கண்ணு. கேட்டுப்போட்டு சாமான் ரூமுல போயி உக்காந்துட்டேன். சீர் நடக்கறப்ப நான் வெளிய வரவே இல்ல. அவளும் எங்கிட்டச் சொல்லாமயே ஊருக்குப் போயிட்டா. அப்புறம் பொணமாத்தான் பாத்தேன். அன்னிக்கு அவ மூஞ்சி எப்படி இருந்துதுன்னு பாக்கோணும். அழுதுட்டு நின்னாளான்னு பாக்கோணும், அவ்வளவுதானுங்க."

மகன் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நாலு விநாடியைப் போட்டுக் காட்டினேன். கூடையும் கையுமாக ஈஸ்வரி குனிந்தபடி வந்து தம்பி பக்கத்தில் சேர்வதற்குள் காட்சி முடிந்துவிட்டது. முகம் சரியாகத் தெரியவில்லை.

"கோழி குறுக்க ஓடுன மாதிரி ஓடிப்போச்சே. மெதுவா ஓட்ட முடியாதுங்களா?"

எனக்கு மிக நன்றாகத் தெரிந்த வேலை அதுதானே. வேகத்தில் இருபத்தைந்து என்று போட்டேன், ரெண்டர் ஆக, அதாவது கம்ப்யூட்டர் அதைத் தயார்செய்து முடிக்க, கொஞ்ச நேரம் பிடித்தது, பிறகு ஓடவிட்டேன்.

சடங்கு செய்விக்கிற அருமைக்காரர், மாப்பிள்ளை, பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் விட்டு விட்டு மெதுவாக அசைந்தார்கள். ஈஸ்வரி மட்டும் மெதுவாகவில்லை. நீங்களும் நானும் நடக்கிற மாதிரி சாதாரணமாக நடந்து நாலே விநாடியில் தம்பியிடம் வந்து சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் கை அப்போதுதான் மேலே எழும்பத் தொடங்கியிருந்தது. ஈஸ்வரிக்குப் பன்னிரண்டு விநாடி மிச்சம். அந்த நேரத்தில் அவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்து, முகத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்தார். கண்ணில் அழுகை இல்லை. பஸ் ஸ்டாண்டில் நமக்குத் தெரிந்தவர்கள் வந்து இறங்கினால் ஒரு பார்வை பார்ப்போமே, அப்படி.

கம்ப்யூட்டரின் வீடியோ கார்டில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இன்னொருக்காப் போடு கண்ணு" என்றார் அந்த அம்மா. ஜன்னல் வெயில் திரையில் அடிக்கிறது என்று எழுந்து வந்து எனக்கு வலது பக்கம் நின்றுகொண்டார்.

மறுபடியும் ஓடவிட்டேன். அதே படங்கள், நான் எதையும் மாற்றவில்லை. ஈஸ்வரி வந்தார், நெற்றியைத் துடைத்தார், வலது பக்கம் பார்த்தார்.

"என்னையத்தான் பாக்கறா" என்றார் அந்த அம்மா, மழை வருகிறது என்று சொல்வதைப் போல. "கோவமில்ல பாருங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த எடத்த எடுத்துப்போடாதீங்க, மெதுவாவே இருக்கட்டும். நான் போயிட்டு வாரேன், அன்னூர் பஸ் போயிரும்" என்று கிளம்பிவிட்டார். படியிறங்கும் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மூன்றாம் தடவை போட்டேன். படித்தவள் அல்லவா, சரிபார்க்க வேண்டாமா?

இந்தத் தடவை ஈஸ்வரி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அப்புறம் நேராக, என்னைத் தாண்டி, என் முதுகுக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது கேட்டாலும் திரும்பியிருக்க மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

பாய் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிப் போட்டுக் காட்டினேன். ஈஸ்வரியும் மற்றவர்களைப் போலவே விட்டு விட்டு மெதுவாக நடந்தார், தம்பியிடம் வந்து சேர்ந்ததோடு சரி.

"ஏம்மா, காலைல சாப்புட்டியா இல்லியா?" என்றார் பாய். "நான் பிரியாணி கொண்டு வந்திருக்கேன், மொதல்ல அதச் சாப்புடு. அப்புறம் பேயப் பாக்கலாம்."

ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன். மொத்தம் நானூறு படங்கள், நூறு படங்கள் நான்கு நான்கு தடவை, ஒன்றுகூட அதிகமில்லை. பிறகு கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். ஈஸ்வரி நெற்றியைத் துடைக்கிற காட்சி எங்கேயும் இல்லை.

மகன் சொன்னதை நான் செய்யவில்லை. மற்ற இடங்களிலிருந்து ஈஸ்வரியை எடுத்துவிட்டு, இணைச்சீரை அந்த அம்மா கேட்டபடி மெதுவாகவே வைத்துக் கேசட் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும் முன் நான் பார்த்தவரை அதில் வித்தியாசமாக எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்கில் அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும், அதனால் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் குமாரசாமி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"எடுக்கச் சொன்னத எடுக்காம உட்டுட்டீங்க" என்றார். "பரவால்லீங்க, அதுவும் நல்லதுக்குத்தான். அம்மா இப்ப நேரத்துக்குச் சாப்புடறாங்க, தூங்கறாங்க." சொல்லிவிட்டுத் தயங்கினார். "ஒன்னு மட்டும் புரியலீங்க. தெனமும் அந்த எடத்த மட்டும் போட்டுப் பாக்கறாங்க. டிவி நேரா இருக்குது, ஆனா சேர மட்டும் ஒருக்கா செவுத்தோரம் போடறாங்க, ஒருக்கா ஜன்னலோரம் போடறாங்க. நேத்து சமையக்கட்டு வாசல்ல போட்டுட்டு உக்காந்திருக்காங்க. எதுக்கும்மான்னு கேட்டா சிரிக்கறாங்க. கேசட்டுல ஏதாச்சும் கோளாறுங்களா?"

"கேசட் நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன்.

இன்றுவரை எத்தனையோ கல்யாணங்களை மெதுவாக்கியிருக்கிறேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கிற மாதிரி மேஜையைப் போட்டு உட்காருவதில்லை.