குடியேறிய நகரில் குடிபுகாத ஒருவர்

ஆவணக் காப்பகத்தின் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

அமெரிக்காவின் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கிலிருந்து ஹூஸ்டன் செல்லும் வழியில், மகளின் மின்சாரக் காருக்கு மின்னேற்றம் செய்ய நிற்கிறோம். அங்குள்ள மேசையில், என் வயதொத்த சீனப் பெரியவர் ஒருவர் தம் மகனின் காரும் மின்னேறி முடியட்டும் என்று வெந்நீர்க் குடுவையுடன் காத்திருக்கிறார். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்து ஒன்பது ஆண்டுகள் ஆயினவாம்.

சீனாவில் ஆளின்றி நிற்கும் அடுக்குமாடிகளைக் காணொளிகளில் கண்டிருக்கிறேன். அவற்றில் எவரேனும் குடிவந்தார்களா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

"அப்பா, அங்கிள்கிட்ட இதையா கேப்பீங்க? எம்பாரசிங்கா இருக்கு," என்கிறாள் மகள்.

அவரோ சிரிக்கிறார். "அப்படியொரு இடத்தில்தான் நானும் வீடு வாங்கினேன். அப்போது அங்கே ஒரு நாய்கூட இல்லை. இப்போது பாருங்கள்."

அவர் நீட்டிய கைபேசிப் படத்தைக் கண்டு திகைக்கிறேன். மாடிதோறும் துணிகள் காய்கின்றன. கீழே காய்கறிக் கடையில் கூட்டம் நெரிகிறது. ஏழாம் மாடியில் ஒரு பால்கனி மட்டும் வெறுமையாக இருக்கிறது.

"அங்கே யாரும் வரவில்லையா?"

"அது என் வீடு. எங்கள் ஊரில் வெறும் சிமெண்டுச் சுவராகத்தான் தருவார்கள். என் மனைவி டைல்ஸ் வாங்கி அடுக்கினாள். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை."

"எப்போது திரும்புகிறீர்கள்?"

"இரண்டாவது பேரன் பள்ளிக்குப் போனதும் அனுப்பிவைப்பதாக மகன் சொல்கிறான்."

"பேரனுக்கு என்ன வயது?"

"அடுத்த மாதம்தான் பிறக்கப்போகிறான்."

கேட்டதைக் கேட்டபடியே எழுதியுள்ளேன். இத்தாளைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.