மேஜைக்கு விபூதி, கதவுக்குக் குங்குமம்

கல்யாணமான நாலாம் மாதமே என் கணவர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூர் வீட்டில் மாமியாரும் நானும்தான். மாமியாருக்கு இவர் ஒரே பிள்ளை. பாஷையைக் கற்றுக்கொள், உடனே அழைத்துக்கொள்கிறேன் என்று அவர் எழுதியிருந்தார். அந்த 'உடனே'யைப் பிடித்துக்கொண்டு மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

சேர்ந்த வாரமே தலை சுற்றியது. நமக்கு உயிரில்லாத எதுவானாலும் 'அது' என்று முடிந்துவிடும். அங்கே மேஜை ஆணாம், கதவு பெண்ணாம், கட்டில் இரண்டுமில்லையாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் என்று தனித்தனிச் சொல் ஒட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால் வாத்தியார் மனப்பாடம் பண்ணச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசியில் வீட்டுச் சாமான்களிலேயே பொட்டு வைத்துவிட்டேன். டேருக்கு விபூதி, டீக்குக் குங்குமம், டாஸுக்கு மஞ்சள். பெருக்கும்போதும் காபி போடும்போதும் பொட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நடப்பேன். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலருகே வந்தால் மட்டும் கணவர் படுக்கும் பக்கத்தைத் தடவிவிட்டு வந்துவிடுவேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மாமியார் வழக்கம்போல் எல்லாவற்றையும் துடைத்து, ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார். மேஜையைப் பார்த்தேன். ஆணா பெண்ணா, நினைவில்லை. இந்த ஜன்மத்தில் கணவரிடம் போய்ச் சேரப்போவதில்லை என்று தோன்றிவிட்டது. நாளும் கிழமையுமாக உட்கார்ந்து அழுதேன்.

மாமியார் பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னேன். என் ஜெர்மன் புத்தகமும் சரஸ்வதி முன்னால் அடுக்கில் இருந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று பிரிக்கக் கூடாது. மடி, ஆசாரத்தில் துளி விட்டுக்கொடுக்காத அவர், அதை உருவி என் கையில் கொடுத்தார்.

"அழாதேடி. எதுக்கு எதுன்னு பாத்துச் சொல்லு, நானே இட்டுடறேன்."

நான் சொல்லச் சொல்ல, துடைத்துத் துடைத்து இட்டார். கூடம் முடிந்தது. கட்டிலுக்கு வந்தபோது மஞ்சள் விரலோடு நின்றுவிட்டார்.

"இதெல்லாம் மனசுல பதிஞ்சுடுத்துன்னா நீயும் கிளம்பிடுவே, இல்லையா?"

போகத்தானே ஏங்கிக்கொண்டிருந்தேன். "இதுக்கு மஞ்சள்தான்மா" என்றேன். அவர் குனிந்து, சுலபத்தில் அழியாதபடி அழுத்தி இட்டார்.