சுவரை நம்பிச் சாத்திய மூன்று ஜன்னல்கள்

திண்டிவனத்தில் எங்கள் படுக்கையறைச் சுவருக்குச் சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். "ஈரத்த இழுத்துக்கும், பூஞ்சை புடிக்காது, காத்து சுத்தமா இருக்கும் சார்" என்றார் குயிலாப்பாளையத்து மேஸ்திரி. உண்மைதான். என் மனைவியின் காலைத் தும்மல் பதினான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

அந்தத் தைரியம்தான் வினையானது. ஒரு மழை வெள்ளிக்கிழமை, அவள் தலைக்குக் குளித்துவிட்டு அறையில் சாம்பிராணி போட்டாள். சாரல் அடித்ததால் மூன்று ஜன்னல்களையும் சாத்தினேன்.

"பொகை அடைக்குதுங்க, ஒண்ணாவது தொறந்து வைங்க."

"அதெல்லாம் சுவரு இழுத்துக்கும்" என்று கதவையும் சாத்திவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கட்டிலில் சரிந்து கிடந்தாள். தட்டில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

"கரியில வர்ற விஷவாயுவ எந்தப் பூச்சும் இழுக்காதுங்க. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா..." என்று ஆஸ்பத்திரி டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

பிழைத்துவிட்டாள். இப்போது தணலை வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவருவதில்லை. மழையானாலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். மதியம் அவள் கண்ணயர்ந்தால் அருகில் உட்கார்ந்து மூச்சை எண்ணுகிறேன்.

"எதுக்கு எண்ணிக்கினே இருக்கீங்க? பயமா இருக்குது" என்கிறாள் கண்ணைத் திறக்காமல். நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் எண்ணிக்கை தவறிவிடும்.