பெங்களூர் இருக்கும் திசையில் ஜப்பான்

என் கணவருக்கு உலகமெங்கும் நண்பர்கள் இருந்தார்கள். எங்கள் தெருவில்தான் ஒருவரும் இல்லை. காரணம் எளிது. பின்லாந்துக்காரர் எவருடைய தலைக்கு மேலும் அவர் ஆன்டெனா கட்டவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மைசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த நான்காவது வீடு அது. முந்தைய மூன்று வீட்டுக்காரர்களும் நல்ல மனிதர்கள். மகள் வருகிறாள், வெள்ளையடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் காலி செய்யச் சொன்னார்களே தவிர, ஆன்டெனா என்ற வார்த்தையை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. மைசூர்க்காரர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. 'நோடோணா' என்பார்கள். பார்க்கலாம் என்று பொருள். நடக்காது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

என் கணவர் வங்கியில் வேலை பார்த்த ஹாம். அதாவது, அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோவில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறவர். அப்படி என்னதான் பேசுகிறார் என்று என் அம்மா ஒருமுறை கேட்டாள்.

"என் குரல் கேக்குதான்னு கேப்பாரும்மா."

"அப்புறம்?"

"கேக்குதுன்னு அவங்க சொல்லுவாங்க."

அம்மா அன்று ஜெபமாலை சொல்லும்போது மருமகனுக்காகத் தனியாக ஒன்று சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இதற்கு உலகப் போட்டியும் உண்டு. அக்டோபர் கடைசியில், தசரா பந்தல் மூங்கில்களை அவிழ்த்து முடிப்பதற்குள் வந்துவிடும். சனிக்கிழமை விடிகாலை தொடங்கித் திங்கள் விடிகாலை வரை யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பரிசு ஒரு காகிதம். பிடித்தவரிடம் 'ஐந்து ஒன்பது' என்று சொல்ல வேண்டும். உங்கள் குரல் மணி மணியாகக் கேட்கிறது என்று அர்த்தம். அதைச் சொன்ன கையோடு, நீங்கள் யாரென்றே புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கெஞ்சுவார்கள். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

பலர் சேர்ந்து ஆடும் பிரிவில் சேர என் கணவருக்கு ஆள் பற்றவில்லை. அவரும், தொழிற்பேட்டையில் இன்ஜினியராக இருந்த அவருடைய சிநேகிதரும் மட்டும்தான். அதனால் என்னைப் பரீட்சைக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, சமையலறையில் பருப்பு வேகும்போது மோர்ஸ் தட்டிப் பழகி, முதல் தடவையிலேயே தேறினேன். அவர் எத்தனாவது தடவையில் தேறினார் என்பதை இங்கே எழுதுவது குடும்பத்துக்கு அழகல்ல. போட்டியில் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து நானே பேச வேண்டும், அவ்வளவுதான் எனக்கு ஆசை. கேட்டேன். "ஓ, தாராளமா" என்றார்கள் இருவரும்.

ஆன்டெனாவை நிமிர்த்தும் வேலை போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இரண்டு படித்த ஆண்கள் சேர்ந்து ஒரு பைப்பை நிமிர்த்துவதைப் பார்க்காதவர்களுக்கு நாடாளுமன்றம் எப்படி நடக்கிறது என்பது புரியாது. மொட்டை மாடியில் ஜி.ஐ. பைப் படுத்திருந்தது. அதன் தலையில் பெரிய மீன் முள் போல அலுமினியக் குழாய்கள். அடியில் பழைய ஸ்கூட்டர் சக்கரத்தின் பேரிங். நான்கு பக்கமும் இழுத்துக் கட்ட ஸ்டே வயர். வயரை முதலில் கட்டுவதா, பைப்பை முதலில் தூக்குவதா என்ற விவாதம் இட்லி ஆறும் வரை நடந்தது. சிநேகிதர் ஒரு காகிதத்தில் காற்றின் வேகம் போட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்தவர்கள் துணியை மறந்து நின்றார்கள்.

ஒருவழியாகத் தூக்கலாம் என்று முடிவான நேரத்தில், கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டு ஓனர் மாடியேறி வந்தார். நீர்ப்பாசன இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அவருடைய டிவி ஆன்டெனா.

"இஷ்டு உயரம் போகுதல்லா, இதையும் மேல கட்டிடிங்க சார். பெங்களூரு க்ளியரா பரும்."

டில்லி நிகழ்ச்சி அவருக்கு எப்படியும் வந்துகொண்டிருந்தது. கன்னட நிகழ்ச்சி பெங்களூரிலிருந்து வர வேண்டும், அதற்கு உயரம் வேண்டும். அவர் கேட்டது நியாயம். எங்கள் பேச்சு அவர் டிவியில் கோடு கோடாக விழாமலிருக்க ஒரு வடிகட்டியை வாரக்கணக்கில் உழைத்துச் செய்து வைத்திருந்தார்கள் இவர்கள் இருவரும். அந்தப் பெருமையில் உடனே சரி என்றார்கள். பைப்பின் உச்சியில் அவருடைய ஆன்டெனாவைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள்.

"பைப் திரும்பினா அதுவும் சேர்ந்து திரும்புமே?" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. நீ காபி போடு."

போட்டேன். ஆன்டெனா நிமிர்ந்தது. தெரு கைதட்டியது.

அந்தப் பைப் திரும்பத்தான் வேண்டும். மீன் முள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து ஆட்கள்தான் நன்றாகக் கேட்பார்கள். திருப்புவதற்கென்று வெளிநாட்டில் ரொட்டேட்டர் என்ற மோட்டார் இருக்கிறது. எங்களிடம் ஒரு நைலான் கயிறு இருந்தது. போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள், அந்தக் கயிறு என் கையில் கொடுக்கப்பட்டது. அனுபவம் வரும் வரைக்கும் இது, பிறகு நாற்காலி என்றார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்குப் போனேன். லைசென்ஸ் வாங்கிய ரொட்டேட்டர் இந்தியாவில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

சனிக்கிழமை காலை ஜப்பான் பக்கம் திருப்பினேன். ஓனர் டிவியில் பெங்களூர் பளிச்சென்று வந்தது. மைசூரிலிருந்து இரண்டும் ஒரே திசையில், வடகிழக்கில் இருக்கின்றன. மதியம் ஐரோப்பா என்று கீழே இருந்து உத்தரவு வந்தது. வடமேற்கே திருப்பினேன். ஐரோப்பா வந்தது, பெங்களூர் போய்விட்டது.

"ஏனம்மா! டிவி ஹோய்த்து!" என்று ஓனர் முற்றத்தில் நின்று அண்ணாந்தார்.

என் கணவர் ஜன்னலில் தலையை நீட்டி, சூரியனில் கரும்புள்ளிகள் அதிகம், அதனால்தான் என்றார். ஆயுள் முழுக்க மதகு திறந்து மூடியவர் ஓனர். திரும்பி நிற்கும் ஆன்டெனாவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். உள்ளே போய்ச் செய்தித்தாளை எடுத்து வந்து, டிவி நிகழ்ச்சிகளில் தனக்கு வேண்டியவற்றுக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தார். அந்த நேரங்களில் பெங்களூர், மற்ற நேரங்களில் ஐரோப்பா என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஞாயிறு மாலைக் கன்னடப் படத்துக்கு இரட்டைக் கோடு போட்டிருந்தார். ஐரோப்பா உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். என் கணவர் அந்த இடத்தில் மட்டும் "நோடோணா, சார்" என்றார். ஒரு மைசூர்க்காரரிடமே இதைச் சொன்ன துணிச்சலை என்ன சொல்ல.

ஞாயிறு பூசைக்குப் போகாமல் கயிறு பிடித்தேன். நடுவில் இறங்கிப் போய் என் ஒரு மணி நேரத்தைக் கேட்டேன்.

"இப்ப ஐரோப்பா சும்மா கொட்டுது. இப்பப் போய் ஆள் மாத்தவா?"

கொட்டுவது நின்றதும் மறுபடி போனேன்.

"இப்ப ஒருத்தருமே இல்ல. உக்காந்து என்ன பண்ணப் போற?"

ஆள் இருந்தாலும் எனக்கு நாற்காலி இல்லை, இல்லாவிட்டாலும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கயிறு உரசி உள்ளங்கை சிவந்திருந்தது. அதைவிட, 'தாராளமா' என்று சொன்னபோது நான் நம்பிவிட்டேனே என்பதுதான் எரிந்தது.

மாலையில் ஓனர் வீட்டுக் கூடம் நிறைந்தது. படம் பார்க்க உறவினர்கள் வந்திருந்தார்கள். ஓனரின் மனைவி ஒரு தட்டு நிறைய, வளையம் வளையமாகப் பொரித்த கோடுபளே எங்களுக்கும் கொடுத்தனுப்பினார். சற்று நேரத்தில் முற்றத்திலிருந்து குரல் வந்தது: "அம்மா, பெங்களூரு!" ஜன்னலிலிருந்து இன்னொரு குரல்: "ஏம்மா, விட்டுடாத, ஐரோப்பா! ஐரோப்பா!"

இரண்டு நாளாக இரண்டு பேரும் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெங்களூர் பக்கம் திருப்பினேன். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கயிற்றைச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டேன். கீழ்வீட்டில் ஆரவாரம் கேட்டது. படியிறங்கி எங்கள் ரேடியோ அறைக்குள் போனேன்.

"கண்டிஷன் போயிருச்சு, ஒருத்தர் குரலும் கேக்கல" என்று என் கணவர் டயலைத் திருகிக்கொண்டிருந்தார். "சூரியன்ல என்னவோ ஆயிருக்கு."

"சூரியன் நல்லாத்தான் இருக்கு. படம் முடியற வரைக்கும் பெங்களூருதான். கட்டிட்டு வந்துட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இந்த நேரத்தில் ஜப்பானில் எவன் உட்கார்ந்திருப்பான் என்றார் சிநேகிதர். போட்டியே போச்சு என்றார் என் கணவர். ஐந்தாவது வீடு தேட நான் தயாராக இல்லை என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெறுப்போடு எழுந்து கோடுபளே தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

ஹெட்போன் அவர் காதுச் சூட்டோடு இருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். தூரத்தில் ஒரு குரல், மிக மெதுவாக, மிக மரியாதையாக. 'ஐந்து ஒன்பது' என்றேன். நன்றி என்றது. அது முடிந்ததும் இன்னொன்று. பிறகு நான்கைந்து. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழவில்லை. நான் யாரைக் கூப்பிட்டேனோ அவர் மட்டும் பேசினார், மற்றவர்கள் காத்திருந்தார்கள். பெண் குரல் கேட்டால் கூட்டம் கூடும் என்று ஹாம்கள் கேலியாகச் சொல்வார்கள். கூடியது உண்மைதான், ஆனால் வரிசையில் நின்றார்கள். என் வகுப்பில்கூட அப்படி நின்றதில்லை. இரண்டு நாளில் இவர்கள் இருவரும் பிடித்த ஜப்பானியரைவிட அதிகம் பேரை நான் அந்த ஒரு படத்துக்குள் பிடித்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிநேகிதர் எப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், எப்போது பென்சிலை எடுத்து எனக்காக எழுதத் தொடங்கினார் என்று நான் கவனிக்கவில்லை.

கீழே நாற்காலிகள் நகர்ந்தன. "முகீதம்மா! இன்னு திருகிஸ்கொள்ளி!" என்று ஓனர் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தார். படம் முடிந்துவிட்டது, இனி எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.

என் கணவர் தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "சரி, எந்திரி. ஐரோப்பா இன்னும் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன். "கயிறு மேல இருக்கு."

அவர் சிநேகிதரைப் பார்த்தார். சிநேகிதர் பென்சில் சீவத் தொடங்கினார். பிறகு என் கணவர் படியேறும் சத்தம் கேட்டது. என் முடிச்சுகளை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது. பைப் கிறீச்சிட்டது. ஹெட்போனில் ஜப்பான் மெல்ல மங்கியது. கொஞ்சம் வெறும் இரைச்சல். சட்டென்று இத்தாலிக்காரர்களும் ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, கொள்ளேகால் கடைசி பஸ்ஸுக்கு முண்டியடிப்பதுபோல என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக இழுத்துப் போட்டுக்கொண்டே போனேன்.

"வந்துச்சா?" என்று மாடியிலிருந்து என் கணவரின் குரல்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினேன். "இன்னும் கொஞ்சம்!" என்று கத்தினேன்.

வந்து வெகு நேரம் ஆகியிருந்தது.