டீசல் பட்ட கை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பிழைப்பு. ஒன்று லாரி, இன்னொன்று மீன். இரண்டும் எலியும் பூனையும் மாதிரி என்பது கல்யாணமான புதிதில் எனக்குத் தெரியாது. கையில் இருக்கும் டீசல் தண்ணீரில் பட்டால் மேலே வழவழவென்று படரும், கீழே மீனுக்கு மூச்சு முட்டும். அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் சோப்பும் சாம்பலும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ப்பார். தேய்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே இரண்டு கையையும் நீட்டுவார்.

"மோந்து பாரு. வாடை இருக்கா?"

நான் இல்லை என்றால்தான் குளத்துப் பக்கம் போவார். என்னைத் தொடுவதற்கு முன்னால் என்றைக்காவது இப்படிக் கேட்டிருப்பாரா? மூச்சு விடமாட்டார். எனக்கு டீசல் வாடையே போதும் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது.

குளம் குத்தகைக் குளம். அதில் இருந்தவை தாய்க் கெண்டைகள். யாரோ ஒரு வியாபாரிக்கு மீன்குஞ்சு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், செத்தது என்று அவர்கள் கரையில் கொட்டிவிட்டுப் போன குஞ்சுகளை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு வந்தார் இந்த மனுஷன். வீட்டில் தண்ணீர் பிடிக்க இருந்ததே அந்த ஒரு வாளிதான். நான் அன்றைக்குப் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்ட குஞ்சுகள் வளர்ந்து தாயாயின. அவை போடும் முட்டையைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை விற்றுத்தான் பிறகு எங்கள் வீட்டில் உலை வைத்தோம், இரண்டு பெண்களும் படித்தார்கள். குளம் போனால் வேறு குளம் பிடிக்கலாம். தாய் மீன் போனால் திரும்ப அத்தனை வருஷத்துக்கு எங்கே போவது?

அவற்றில் ஒருத்தி இருந்தாள். என் தொடை நீளம் இருப்பாள். இவர் கரையில் உட்கார்ந்து தண்ணீரில் கையை வைத்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து உள்ளங்கையில் வாயை வைத்துச் சப்புவாள். இவர் அவளுக்கு வைத்த பெயர் மகாராணி. நான் வைத்த பெயர் சக்களத்தி. பின்னே? பெண்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டால் விரல் விட்டு யோசிப்பார், மகாராணி எப்போது முட்டை போடுவாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். சாப்பாட்டில் பாதியில் எழுந்து அவளுக்குத் தவிட்டு உருண்டை கொண்டு போவார். "போங்க, போய் அவகூடவே குடும்பம் நடத்துங்க" என்பேன். ஒரு சிரிப்பு சிரிப்பார், அவ்வளவுதான்.

லாரி கிழடு. முதலாளி பழைய இரும்புக்குப் போடப் போனதை இவர் கேட்டு வாங்கினார். எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற பம்பு ஒன்று அதன் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். அது கொஞ்ச நாளாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. இவர் கீழே ஒரு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டு, சாயங்காலம் அதில் சேர்ந்ததை வடிகட்டித் திரும்ப டேங்கில் ஊற்றுவார். அதில் ஒரு பெருமை வேறு. நான் கத்திக் கத்திக் கடைசியில் பம்பு மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார்.

மெக்கானிக் பம்பைத் துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, மூஞ்சிக்குப் போடுற பவுடர் இருந்தா கொஞ்சம் குடுங்க."

என் பவுடரைப் பம்பு முழுக்கத் தூவினார். வண்டியை ஓடவிட்டார். நான் போட்டால் அரை நாள் நிற்காத பவுடர் அந்த இரும்பின் மேல் அழகாக நின்றது. அப்புறம் மூன்றாவது குழாய் ஏறுகிற இடத்தில் அடிப்பக்கம் மட்டும் நனைந்து கறுத்தது.

"இங்கதான். உள்ள செம்பு வாஷர் போயிடுச்சு. புதுசு வரவழைக்கணும், நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் ஓட்டுங்க, ஆனா ஒழுகுதேன்னு இறுக்கிடாதீங்க. ரொம்ப இறுக்கினா உள்ள இருக்கிற பாகம் பிடிச்சுக்கும், எஞ்சின் அது இஷ்டத்துக்கு ஓட ஆரம்பிச்சிடும், நிறுத்த முடியாது. முடியவே முடியலேன்னா பழைய வாஷரைச் செவக்கக் காய்ச்சித் தண்ணியில போடுங்க. இளகிக் குடுக்கும். ஒரு தடவைக்குத் தாங்கும்."

தலையை ஆட்டினார் என் வீட்டுக்காரர். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாளே குளத்துக்காரன் எதிர்க்கரையில் மண் கொட்ட ஆரம்பித்துவிட்டான். வீடு கட்டப் போகிறானாம். அடுத்த மாதம் காலி செய்தால் போதும் என்று சொன்ன வாய்தான் அது. "ஆளுங்க வந்துட்டாங்க, நான் என்ன பண்றது?" என்றான், ஏதோ மண் தானாக நடந்து வந்த மாதிரி. தண்ணீர் கலங்கிச் சேறாகிக்கொண்டே வந்தது. நாங்கள் பேசி வைத்திருந்த புதுக் குளம் அரை நாள் ஓட்டத்தில் இருந்தது. வாஷர் வரட்டும் என்று காத்திருக்க வழியில்லை. வலை போட்டு, ஒவ்வொரு தாய் மீனாக நனைந்த துணியில் ஏந்தி லாரியில் ஏற்றினோம்.

லாரியின் பின்னால் தார்ப்பாய் விரித்த தொட்டி. அதற்குள் காற்று ஊதுகிற கருவி எஞ்சினோடு பெல்ட் போட்டு ஓடும். அதாவது, எஞ்சின் நின்றால் காற்று நின்றுவிடும். அத்தனை பெரிய மீன்கள் அத்தனை நெருக்கமாக இருக்கும்போது காற்று நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசாமல் கிளம்பினோம்.

பாதி வழி வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அடுத்த கொஞ்ச தூரத்தில் டீசல் வாடை குப்பென்று அடித்தது. வெள்ளையாகப் புகையும் வந்தது. எஞ்சினை ஓடவிட்டபடியே ஓரங்கட்டி மூடியைத் திறந்தார். சொட்டிக்கொண்டிருந்தது இப்போது பீய்ச்சியது, சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே. பற்றிக்கொண்டால் வண்டியும் போச்சு, மீனும் போச்சு, நாங்களும் போயிருப்போம்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"நிறுத்தினா மேல எல்லாம் செத்துடும்."

ஸ்பானரை மாட்டி, அதன் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். "ஏங்க, இறுக்காதீங்கன்னாரே அந்த ஆளு!" என்றேன். காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் என்ன செய்திருப்பார் பாவம்? ஒழுகல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார், வென்றுவிட்ட முகத்தோடு.

அந்த முகம் மாறுவதற்குள் எஞ்சின் உறுமியது. யாரும் எதையும் மிதிக்கவில்லை, தானாகவே ஏறிக்கொண்டே போனது. நிறுத்துகிற கம்பியை இழுத்தார், நிற்கவில்லை. வண்டி மொத்தமும் உதறியது, கரும்புகை. இப்படியே விட்டால் எஞ்சின் வெடித்துச் சிதறும். ஈரச் சாக்கு ஒன்றைப் பிடுங்கி எஞ்சின் காற்றிழுக்கிற வாயில் திணித்து அழுத்தினார். திணறித் திணறி அடங்கியது.

அப்புறம் ஒரு நிசப்தம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. தொட்டியில் குமிழி நின்றுபோயிருந்தது.

"உள்ள இறங்கு! தண்ணியக் கலக்கிக்கிட்டே இரு, நிறுத்தாத!"

உடுத்தியிருந்த துணியோடு குதித்தேன். மார்பளவு தண்ணீர். வாளியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், காலால் உதைத்தேன், கையால் அடித்தேன். கீழே இவர் பம்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வண்டியில் சமைக்க வைத்திருக்கும் அடுப்பைப் பற்றவைத்து, வாஷரைக் குறட்டில் பிடித்துக் காய்ச்சுகிறார் என்பது வாடையிலேயே தெரிந்தது. ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின மீன்கள். கடைசியாக அவளும் வந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தாள்.

"ஏங்க! உங்க மகாராணி சாயுறா!"

போட்டது போட்டபடி ஏறி வந்தார். முழங்கை வரைக்கும் டீசல் சொட்டியது. அவளைப் பார்த்ததும் அப்படியே குனிந்து கையை நீட்டினார்.

"கைய வைக்காதீங்க! எல்லாம் செத்துடும்!"

என்ன கத்தலோ அது. கை தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டது. மெதுவாக இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். அவள் அந்தக் கைக்கு நேராக வாயைத் திறந்தாள். இருபது வருஷத்தில் அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

"நீ பிடிச்சுக்கோ அவள. ரெண்டு கையாலயும் ஏந்தி முன்னுக்குத் தள்ளு, திரும்பக் கொண்டா, திரும்பத் தள்ளு. செவுளுக்குள்ள தண்ணி போகணும்."

நான் அவளை அதுவரைக்கும் தொட்டதே இல்லை. அருவருப்பு ஒன்றுமில்லை, வீம்புதான். ஏந்தினேன். "அடி சக்களத்தி, என்ன கனம் கனக்குற! என் புருஷன் கையால தின்னு தின்னு வளர்த்த உடம்புதானே. செத்துகித்து வச்சே, கொன்னுடுவேன் உன்ன. மூச்சு விடுடி" என்று திட்டிக்கொண்டே முன்னுக்குத் தள்ளினேன், இழுத்தேன். காலால் மற்றவற்றுக்குத் தண்ணீரை உதைத்துக்கொண்டே இருந்தேன். இவர் இறங்கிப் போய் வாஷரை வைத்து, இந்தத் தடவை அளவோடு முடுக்கினார். குழாய்களில் புகுந்த காற்றை எடுக்கக் கைப்பம்பை அடித்த சத்தம் கேட்டது. சாவியைத் திருப்பினார், வண்டி இருமி அணைந்தது. திரும்பவும் திருப்பினார், திரும்பவும் அணைந்தது. நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன், எந்தச் சாமியைத் திட்டினேன் என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டது. குமிழி வந்தது.

நான் இறங்கவில்லை. அவளை விட்டால் சாய்ந்தாள். வண்டி கிளம்பியது. ஓட்டுகிறவர் முதுகுப் பக்கம் இருக்கிற சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்.

"எப்படி இருக்கா?"

"இருக்கா சிறுக்கி! என் கைய ஒடிக்கிறா."

இப்படியே கேட்டுக்கொண்டு வந்தார். நானும் அவளைத் திட்டித் திட்டிப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். மற்ற மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் போய் நிமிர்ந்து நீந்தின. இவள் செவுள் மட்டும் மெல்ல அசைந்து, இன்னும் மெல்ல அசைந்து, ஒரு வளைவு திரும்பும்போது நின்றுவிட்டது. உலுக்கினேன், இன்னும் வேகமாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எப்படி இருக்கா?"

சொன்னால் வண்டியை நிறுத்துவார். நிறுத்தி அணைத்தால் அந்த வாஷர் இன்னொரு தடவை தாங்குமா? மற்றவை பிழைக்க வேண்டாமா?

"நல்லா இருக்காங்க" என்றேன்.

குளம் வரும் வரைக்கும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை, நான் தள்ளுவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

அங்கே இருந்த ஆட்கள் மற்ற மீன்களை ஏந்திப் போய்த் தண்ணீரில் விட்டார்கள். ஒன்றுகூடச் சேதமில்லாமல் போயின. நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து எதிரே நின்றார். சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். அந்த வளைவுலயே தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அதுக்கப்புறம் நீ அவள ஒரு வார்த்தைகூடத் திட்டல."

"அப்ப ஏன் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தீங்க?"

"நான் கேக்கறத நிறுத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். தனியா உக்காந்து அழுதிருப்ப."

கரைக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். வெகு நேரம் தேய்த்தார். பிறகு வந்து, வழக்கம் போல, இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"வாடை இருக்கா பாரு."

மோந்து பார்த்தேன். நகக்கண்ணில், ரேகையில், எல்லாவற்றிலும் டீசல் அப்படியே இருந்தது.

"இல்லைங்க. தொடுங்க" என்றேன்.